54 லிட்டர் கடல்

60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியின் அளவு இது. விளிம்புவரை ஊற்றினால் 54 லிட்டர் பிடிக்கும். மணலும் பாறையும் அடைத்த இடம் போக, உள்ளே இருக்கும் உப்புநீர் ஏறத்தாழ 45 லிட்டர். அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஓர் இறால், சில நத்தைகள், பாறையெங்கும் காளான் வடிவில் விரிந்திருக்கும் மென்பவளங்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் மீனைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதையெல்லாம் வளர்க்கிறது கஷ்டமா?" என்று கேட்பார்கள். பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: மீன் வளர்ப்பது கஷ்டமே இல்லை, தண்ணீரைப் பார்த்துக்கொள்ளத்தான் பழக வேண்டும். கடல் உயிர்கள் கேட்பது வசதியான இடத்தை அல்ல, மாறாத நீரை. சூடு, உப்பு, சுண்ணாம்புச் சத்து எல்லாம் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும்.

சின்னத் தொட்டிக்குப் பெரிய கணக்கு

தொட்டி சிறியதானால் வேலையும் சிறியது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும். 45 லிட்டரில் 3 லிட்டர் ஆவியானால் உப்பின் அளவு லிட்டருக்கு 37.5 கிராமாக ஏறிவிடுகிறது. அதே 3 லிட்டர் 500 லிட்டர் தொட்டியிலிருந்து போனால் 35.2 தான். பெரிய தொட்டி உணராத மாற்றம் சின்னத் தொட்டியில் உயிரைப் பறிக்கலாம்.

இதற்கான வழி எளிது. கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலையில் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்றுகிறேன். இங்கே உப்புநீர் ஊற்றக் கூடாது. போனது தண்ணீர் மட்டும்தான், உப்பு அல்ல. வெளியூர் போகிறவர்கள் மட்டம் குறைந்தால் தானே நீர் விடும் சிறு பம்பைப் பொருத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் கடல்நீரை உயிரோடு வைத்திருக்கும் முயற்சிக்கு வயது அதிகம். இங்கிலாந்தில் அன்னா தின் என்ற பெண்மணி 1846-இல் டார்க்கீ கடற்கரையிலிருந்து சிறு கல் பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். பம்பு கிடையாது, மின்சாரமும் கிடையாது. திறந்த ஜன்னலருகே வைத்து அந்தக் கடல்நீரைக் காபி ஆற்றுவதுபோல ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றிக் காற்றைக் கலக்கச் செய்தார். பிறகு கடற்பாசியையும் சேர்த்தார். அப்படிச் சில ஆண்டுகள் அவற்றைக் காப்பாற்றினார். 1961-இல் இந்தோனேசியாவின் லீ சின் எங் இன்னொரு வழியைக் காட்டினார். நுண்ணுயிர்கள் குடியேறிய பாறையும் காற்றுக் குமிழிகளும் இருந்தால் நீரைப் பாறையே சுத்தம் செய்துகொள்ளும் என்றார். இன்றைய வீட்டுப் பவளத்தொட்டி நிற்பது இந்த இருவரும் கண்ட அடிப்படையில்தான்.

உப்பளத்து உப்பு ஏன் ஆகாது?

நான் தூத்துக்குடிக்காரி. "உங்க ஊர் உப்பையே கரைச்சு ஊத்தலாமே?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. கூடாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் பிரிந்து படிந்துவிடும். அதன்பின் சோடியம் குளோரைடு படிகமாகும். மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். நம் கைக்கு வருவது சமையலுக்கு ஏற்ற உப்பு. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் வழியிலேயே போய்விட்டன. அவற்றையெல்லாம் சரியான விகிதத்தில் சேர்த்துத் தயாரித்த கடல் மீன்தொட்டி உப்பு தனியாகக் கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும்.

மெரினாவில் குடம் பிடித்து வரவும் நான் சொல்ல மாட்டேன். கூவமும் அடையாறும் கலக்கும் கரை அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை நாம் பார்த்தோம்.

உப்பைக் கரைக்கும் நீரும் தூய்மையாக இருக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவி குடிக்கத் தகுந்த நீரைத் தரும். அதில் கரைந்த பொருள்கள் இன்னும் மிச்சமிருக்கும். அந்த நீரை, மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் நிரப்பிய குழாய் வழியாக விட்டு, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே உப்பைக் கரைக்கிறேன். கரைப்பது பிளாஸ்டிக் வாளியில். செம்பு, பித்தளைக் குடங்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. கொஞ்சம் செம்பு கலந்தாலும் இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. அடர்த்தி 1.025 அல்லது 1.026 இருக்கிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுவேன்.

மீன் இல்லாத முதல் மாதம்

பாறை, மணல், உப்புநீர், அலை எழுப்பும் வேவ்மேக்கர் எல்லாம் அமைந்த பிறகு, நான்கு முதல் ஆறு வாரம் தொட்டியில் மீன் விடக் கூடாது. அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத குடியேற்றம் ஒன்று நடக்கிறது. கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் கெடுதல் மிகக் குறைவு. வாராவாரம் கொஞ்சம் நீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். இந்த இரு கூட்டமும் பாறையின் நுண்துளைகளில் பெருகுவதற்குத்தான் அந்தக் காத்திருப்பு. சிட்டிகை மீன் தீனி போட்டு, சில நாளுக்கு ஒருமுறை சோதனை செய்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை பொறுக்க வேண்டும்.

சோதனைக் குழாயில் ஐந்து மில்லி நீர் எடுத்து, சொட்டுச் சொட்டாகக் கரைசலை விட்டு நிறம் மாறும் நொடியைப் பிடிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. பள்ளி ஆய்வகத்தில் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்த அதே டைட்ரேஷன்தான் இங்கே கார்பனேட் அளவைச் சொல்கிறது. வேதியியலைப் பரீட்சைக்காக மட்டும் படித்த பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் கண்கள் விரிகின்றன.

நைட்ரைட் இறங்கியதும் பாறைமேல் பழுப்புப் பாசி படரும். பயப்பட வேண்டாம். நத்தைகளை விடுங்கள், மேய்ந்துவிடும்.

சென்னை வெயிலும் பவளமும்

பவளம் ஓர் உயிரினம். அதன் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் உணவே பவளத்துக்குப் பெரும்பங்கு சாப்பாடு. அதனால்தான் நீலம் மிகுந்த எல்.இ.டி. விளக்கு தினமும் எட்டு மணி நேரம் எரிகிறது. நீர் சூடேறினால் இந்தக் கூட்டு உறவு முறிந்து, பவளம் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகும். சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும்.

தொட்டிக்கு ஏற்றது 25, 26 டிகிரி செல்சியஸ். மே மாதத்துச் சென்னையில் மின்விசிறிக்கு அடியில் வைத்த நீரே 30-ஐத் தாண்டும். நீர்மட்டத்தின் மேல் சிறு விசிறி ஓடவிட்டால் ஆவியாகும் நீர் இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கும். ஆனால் நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது போதாது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியே ஆக வேண்டும். மொத்தச் செலவில் பெரிய பங்கு அதற்குத்தான். தொட்டியும் விளக்கும் முன்பின் இருக்கலாம். குளிரூட்டலில் சிக்கனம் பார்க்காதீர்கள். மின்சாரம் நின்றால் காற்றுக் குமிழி விட பேட்டரி பம்பு ஒன்றும் கையில் இருக்கட்டும். 2023 டிசம்பர் புயலின்போது மின்சாரம் இல்லாத நேரத்தில் என் தொட்டிக்கு உயிர் கொடுத்தது அதுதான்.

கடலிலிருந்து ஒரு கல்லும் வேண்டாம்

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீரில் மூழ்கியதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். 1986-இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001-இல் பாறை கட்டும் கல் பவளங்கள், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து இவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ராமேசுவரம் கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டுகூடத் தொட்டிக்கு வரக் கூடாது.

என் தொட்டியின் பாறை மனிதர் வார்த்தது. நுண்துளைகள் உள்ளதால் பாக்டீரியாவுக்கு அது போதும். பவளம் என்று நான் வைத்திருப்பவை கல் கட்டாத காளான் பவளங்களும், பட்டன் பட்டனாக விரியும் ஸோவாந்திட்களும். இன்னொரு தொட்டியில் வளர்ந்து வெட்டி ஒட்டிய துண்டுகள் அவை. ரசீது இல்லாமல் எதையும் வாங்குவதில்லை. ஸோவாந்திட் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடவே கூடாது, ஆவியிலும் நஞ்சு வரும்.

கோமாளி மீன் கடலில் பிடித்ததாக இருக்கத் தேவையே இல்லை. அதை முட்டையிலிருந்து வளர்க்கும் முறையை மண்டபம் என்ற ஊரில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கி, பலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பண்ணைக் குஞ்சு தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, தீனியைத் தயங்காமல் தின்னும். இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து விட்டால் ஆச்சரியம் ஒன்று பார்க்கலாம். எல்லாக் கோமாளி மீனும் ஆணாகத்தான் தொடங்குகிறது. இரண்டில் பெரியதாக வளர்வது பெண்ணாக மாறிவிடும்.

கொளத்தூரில் நான் உப்பு வாங்கும் கடையில் ஒருவர் தன் மகனோடு வந்து நீல டேங் மீன் கேட்டார். சினிமாவில் பார்த்த டோரி வேண்டுமாம். கடைத் தம்பி கேட்டான்: "உங்க டேங்க் எத்தன அடி சார்?"

"ரெண்டடி."

"அப்போ இது வேணாம் சார். இது ஒரு அடி வளரும். ரெண்டடியில அதுக்கு நீந்தவே இடம் இருக்காது. தம்பிக்கு கோமாளி ஜோடி தரேன், பாருங்க."

விற்க மறுத்த அந்தத் தம்பியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை. இப்படிச் சொல்லும் கடையைத் தேடிப் பிடியுங்கள்.

வாரம் ஒரு மணி நேரம்

ஓடத் தொடங்கிய தொட்டிக்கு அதிக வேலை இல்லை. தினமும் ஐந்து நிமிடம்: தீனி, நீர்மட்டம், வெப்பநிலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்: கண்ணாடியைத் துடைத்து, 5 லிட்டர் எடுத்துவிட்டு, அதே சூட்டிலும் அதே உப்பிலும் புது நீர் 5 லிட்டர் விடுவது. பெரிய தொட்டிக்குத் தேவைப்படும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், ரசாயன டோசிங் எதுவும் இந்த அளவுக்கு வேண்டாம். தவறாத நீர்மாற்றமே போதும். கொசு மருந்தை அந்த அறையில் அடிக்காதீர்கள். பைரித்ராய்டு வகை மருந்துகள் இறாலுக்கும் மீனுக்கும் கொடிய விஷம்.

மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறின. அங்கே சில்லர் வைக்க யாராலும் முடியாது. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்பது அந்த உயிர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஏட்டில் படித்தபோது எனக்கு அது எண்ணாக மட்டுமே இருந்தது. தினமும் தெர்மாமீட்டர் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. வீட்டில் இதை வைக்கச் சொல்வதற்கு என் முதல் காரணம் அந்தப் புரிதல்தான்.

தொடங்க ஆசைப்படுகிறவர்கள் தொட்டியை வாங்குவதற்கு முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். மே மாதத்தில், தொட்டி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, ஒரு வாரம் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அதன் சூட்டை நோட்டில் எழுதுங்கள். சில்லர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது அதில் தெரியும். ஒரு வேளைகூட விடாமல் எழுதினீர்களா என்பதும் தெரியும். எழுதியிருந்தால், இந்தத் தொட்டியை உங்களால் காப்பாற்ற முடியும். மீன் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.