விளையாட்டுத் துப்பாக்கியில் 4,500 பவுண்டு காற்று! பாட்டில் வாங்குவோர் உஷார்!

கார் டயரில் அடிக்கிற காற்று சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு சொச்சம். அதைப்போல 140 மடங்கு அழுத்தத்தை ஒரு பாட்டிலில் அடைத்து, அதைத் தோளோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள் அமெரிக்க வாலிபர்கள். எல்லாம் ஒரு விளையாட்டுக்காக!

அந்த விளையாட்டின் பெயர் 'பெயிண்ட்பால்'. துப்பாக்கியால் பெயிண்ட் உருண்டையைச் சுடவேண்டும். மேலே பட்டு உடைந்து சாயம் ஒட்டினால் ஆள் 'அவுட்'. உருண்டையைத் தள்ளுவது வெடிமருந்து அல்ல, பாட்டிலில் உள்ள காற்று. அந்தப் பாட்டிலைப் பார்த்து வாங்காவிட்டால் பணம் வீண். சரியாகக் கையாளாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டு பேர் அப்படிச் செத்தும் இருக்கிறார்கள்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மரத்துக்குக் குறி போட்ட துப்பாக்கி

1981-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிகர் என்ற சிற்றூர். அங்குள்ள காட்டுக்குள் 12 பேர் இறங்கினார்கள். கையில் 'நெல்ஸ்பாட் 007' என்ற துப்பாக்கி. வெட்டவேண்டிய மரத்துக்கும், பிரிக்கவேண்டிய மாட்டுக்கும் தூரத்தில் இருந்தே பெயிண்ட் அடையாளம் போடுவதற்காகச் செய்த கருவி அது.

காட்டில் வைத்திருந்த கொடிகளை எடுத்துக்கொண்டு, அடிபடாமல் வெளியே வரவேண்டும். அதுதான் போட்டி. ஜெயித்தவர் ரிச்சி ஒயிட் என்ற வனப் பணியாளர். வேடிக்கை என்னவென்றால், அவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை!

அந்தத் துப்பாக்கிக்கு மூச்சு கொடுத்தது விரல் நீளக் குப்பி. உள்ளே 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு. நம் ஊர் சோடாக் கடையில் 'கேஸ்' என்கிறார்களே, அதே வாயுதான். பிறகு பெரிய பாட்டில்கள் வந்தன.

வெயிலில் எகிறும், குளிரில் படுக்கும்

இந்த வாயுவிடம் ஒரு கோளாறு. பாட்டிலுக்குள் திரவமாகக் கிடக்கும். அதன் அழுத்தம் வெயிலுக்குத் தக்கபடி மாறும். 21 டிகிரியில் சுமார் 850 பவுண்டு. பனி விழும் 0 டிகிரியில் 500 பவுண்டு அளவுக்குப் படுத்துவிடும். காலையில் பாதி வழியில் விழுந்த உருண்டை, மத்தியானம் விர்ரென்று பாயும்.

சடசடவென்று சுட்டால் பாட்டில் ஐஸ்போல் ஜில்லிட்டுப் போகும். திரவமே துப்பாக்கிக்குள் புகுந்து 'வாஷர்'களைக் கெடுத்துவிடும். இந்தத் தொல்லைக்காகத்தான் 1990-களில் பலரும் அழுத்தக் காற்றுப் பாட்டிலுக்கு மாறினார்கள்.

பெரிய நம்பர் மயக்கம்

கடையில் அதிகம் விற்பது இரண்டு ரகம். ஒன்று அலுமினியப் பாட்டில். 48 கன அங்குலம் கொள்ளும், 3,000 பவுண்டு தாங்கும். மற்றது கார்பன் நார் சுற்றிய பாட்டில். 68 கன அங்குலம், 4,500 பவுண்டு. எடை குறைவு, விலை அதிகம்.

"அப்பா, 4,500-தான் வேணும். அதுதான் ஸ்பீடா அடிக்கும்" என்று அடம் பிடிப்பான் பையன். அப்பாவும் தலையாட்டுவார். இரண்டு பேரும் நினைப்பது தப்பு!

பாட்டிலின் நம்பர் வேகத்தைச் சொல்வது அல்ல. எவ்வளவு காற்றை அடைக்கலாம் என்பதைத்தான் சொல்கிறது. விளையாடுகிறவர்களிடம் இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்கி, 300-ஆல் வகுக்கவேண்டும். சின்ன பாட்டிலில் 480 குண்டு. பெரிய பாட்டிலில் 1,020 குண்டு.

இன்னொரு விஷயம். மைதானத்தில் உள்ள காற்று எந்திரம் 3,000 பவுண்டுக்கு மேல் ஏற்றாது என்றால், 4,500 பாட்டிலிலும் 3,000-தான் ஏறும். அதே கணக்கில் 680 குண்டுதான். ஆகவே முதலில் விசாரிக்கவேண்டியது மைதானத்தை. கடைக்குப் போவது அப்புறம்.

வேகம் யார் கையில்?

வீட்டில் கேஸ் சிலிண்டரின் தலையில் ரெகுலேட்டர் மாட்டுகிறோம். சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் அடுப்புக்குப் போவது ஒரே சீராகப் போகும். இந்தப் பாட்டிலின் கழுத்திலும் அதே வேலைக்கு ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. உள்ளே 4,500 இருந்தாலும் சரி, பாதி தீர்ந்து 2,000 இருந்தாலும் சரி, வெளியே விடுவது ஒரே அளவுதான்.

அதிலும் இரண்டு வகை. ஒன்று சுமார் 850 பவுண்டு விடும். மற்றது சுமார் 450 விடும். பழைய பாணித் துப்பாக்கிகள் பலவற்றுக்கு 850 வேண்டும். 450-ஐ மாட்டினால் உருண்டை காலடியில் விழும். மின்சாரத்தில் இயங்கும் புது ரகங்கள் பலவற்றுக்கு 450 போதும். அதில் 850-ஐ விட்டால் துப்பாக்கிக்குள்ளே இருக்கிற இன்னொரு ரெகுலேட்டர் திணறும். எது பொருந்தும் என்பது துப்பாக்கியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

பொதுவாக மைதானங்களில் வினாடிக்கு 300 அடிக்கு மேல் வேகம் கூடாது. அதுவே மணிக்கு சுமார் 330 கிலோமீட்டர்! உள்ளே விடுமுன் கருவி வைத்து அளப்பார்கள். சும்மா வைத்திருந்து எடுத்துச் சுடும்போது முதல் குண்டு மட்டும் வேகமாகப் பாய்ந்தால், ரெகுலேட்டரின் அடைப்பு தேய்ந்து காற்று கசிகிறது என்று அர்த்தம். உடனே பழுது பார்க்கவேண்டும். கூடுதல் வேகத்தில் போகும் அந்தக் குண்டு எதிரே நிற்கிறவர் மேல்தான் படும்.

உயிர் குடித்த திருகு

சாவு வந்தது வேறு வழியாக.

கார்பன் டை ஆக்சைடு பாட்டிலின் வாயில் ஒரு வால்வு திருகப்பட்டிருக்கும். வால்வோடு பாட்டிலைத் துப்பாக்கியில் திருகி மாட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் பாட்டிலைத் திருகிக் கழற்றவேண்டும். யாராவது வால்வைக் கழற்றி வேலை பார்த்து, சரியாக இறுக்காமல் விட்டிருந்தால் வந்தது வினை! வால்வு துப்பாக்கியிலேயே நின்றுவிடும். பாட்டில் மட்டும் கழன்று வரும். கழன்ற நொடியில் ராக்கெட்டாகப் பாயும்.

இப்படிப் பறந்த பாட்டில்கள் இரண்டு உயிரைப் பலி வாங்கின. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2004-ல் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது.

இதற்குப் பரிகாரம் ரொம்ப மலிவு. நெயில் பாலிஷ்! வால்வில் ஆரம்பித்து பாட்டில் வரை ஒரே கோடாக இழுத்து விடவேண்டும். கழற்றும்போது கோடு நேராக இருந்தால் பயம் இல்லை. கோடு இரண்டாகப் பிரிந்தால், வால்வு கழலுகிறது. அந்த இடத்திலேயே கையை நிறுத்தவேண்டும். 'இன்னும் ஒரு சுற்றுதானே' என்று திருகக்கூடாது. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

எண்ணெய் வேண்டாம்

கார்பன் டை ஆக்சைடு பாட்டிலில் 3,000 பவுண்டு காற்றை ஏற்றுவது தற்கொலைக்குச் சமம். அது 1,800 பவுண்டுக்குச் செய்த பாட்டில்.

காற்று ஏற்றும் முனையில் எண்ணெயோ, கிரீஸோ தடவக்கூடாது. அத்தனை அழுத்தத்தில் காற்று பாயும்போது சூடு பிறந்து எண்ணெய் தீப்பற்றும். பாட்டில் வெடிக்கும். காற்றையும் மெதுவாகத்தான் ஏற்றவேண்டும்.

ரெகுலேட்டரில் சின்னத் தகடுகள் இரண்டு உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் அவை கிழிந்து காற்றை வெளியேற்றும். 3,000 பாட்டிலுக்கு 5,000 பவுண்டில் கிழியும் தகடு. 4,500 பாட்டிலுக்கு 7,500. வெளியே விடும் பக்கத்தில் 1,800. கிழிந்தால் அதே அளவுத் தகடுதான் போடவேண்டும். 'தடித்தது போட்டால் கிழியாதே' என்று சாமர்த்தியம் காட்டினால், தகட்டுக்குப் பதில் பாட்டில் கிழியும்!

தேதியைப் பார்!

பழைய பாட்டிலை மலிவாக வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது தேதி முத்திரை. அமெரிக்க விதிப்படி சாதாரணமாக 5 ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்யவேண்டும். கார்பன் நார் பாட்டிலுக்கு ஆயுள் பொதுவாக 15 ஆண்டு. அதற்குப் பிறகு பளபளவென்று இருந்தாலும் குப்பைக்குத்தான் போகவேண்டும்.

அமெரிக்கப் பையன்கள் விளையாட்டு நமக்கு எதற்கு என்று நினைப்பவர்கள், இன்று ராத்திரி தங்கள் வீட்டு அடுக்களைக்குள் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். கேஸ் சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஒரு எழுத்தும், இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அந்த மாதத்துக்குள் சிலிண்டருக்கு மறுசோதனை நடக்கவேண்டும். கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால், "வேற கொண்டாப்பா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பலாம்.