புத்தகப் படிக்கட்டு – 9: பைண்டிங் கடைப் பையன்

ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் இடறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம் என்று போன வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும்.

இந்த வாரம் வரலாற்று நூல்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை ஒரு வாசகியின் கடிதம் வந்தது. அஞ்சலகத்தில் வேலை, இரண்டு பிள்ளைகள். “அறிவியல் தெரிந்துகொள்ள ஆசை. கூடவே ஆங்கிலமும் வளர வேண்டும். நீங்கள் சொன்ன ஐந்து சொல் கணக்கில் தேறுவதெல்லாம் சின்னப் பிள்ளைகள் புத்தகம்தான். கடையில் எடுத்தால் ‘பாப்பாவுக்காம்மா?’ என்கிறார்கள். கூசுகிறது சார்.” அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. அவருக்குப் பதில் தேடப் போனவன் மைக்கேல் ஃபாரடேயிடம் போய் நின்றேன்.

மின்சார மோட்டாருக்கும் டைனமோவுக்கும் அடிப்படை போட்டவர் ஃபாரடே. கொல்லர் மகன். எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு, அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. 1805-ல், 14 வயதில், லண்டன் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருடம் அங்கே இருந்தார். தைக்கவும் அட்டை போடவும் வந்த புத்தகங்களைப் பிரித்துப் படித்தார். கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி பைண்டிங்குக்கு வந்தபோது, அதிலிருந்த மின்சாரம் பற்றிய கட்டுரையில் விழுந்தார். அடுத்து அவர் கையில் கிடைத்தது ‘கான்வர்சேஷன்ஸ் ஆன் கெமிஸ்ட்ரி’.

இந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எழுதியவர் ஜேன் மார்செட் என்ற பெண்மணி. ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய வேதியியல் சொற்பொழிவுகளுக்குப் போனார். மேடையில் கேட்டபோது பாதி பிடிபடவில்லை. பிறகு ஒரு நண்பரிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பேசிய பிறகே தெளிந்தது. நமக்குப் புரிந்த வழியிலேயே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தார். ஓர் ஆசிரியை, எமிலி, கரோலைன் என்று இரண்டு மாணவிகள். புத்தகம் முழுக்க இந்த மூன்று பேரின் பேச்சு. தொடக்கநிலைக்காரர்களுக்கு, அதிலும் முக்கியமாகப் பெண்களுக்கு என்று முன்னுரையிலேயே சொல்லியிருந்தார். 1806-ல் வந்த முதல் பதிப்பில் ஆசிரியர் பெயர்கூட இல்லை.

பைண்டிங் கடைப் பையன் அந்தப் புத்தகத்தைப் படிக்கக் கூசவில்லை. அதில் சொன்னது சரிதானா என்று, கையிலிருந்த காசுக்குள் அடங்குகிற சின்னச் சின்னச் சோதனைகளைச் செய்து பார்த்தார். பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய விஞ்ஞானியான பிறகும், தன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை நன்றிக் காணிக்கையாக அந்த அம்மாளுக்கு அனுப்பிவைத்தார்.

இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்த செய்தி இனிமேல்தான். லண்டனில் பிறந்து வளர்ந்த ஃபாரடேயும் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்! எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம் எல்லாவற்றிலும் தடுமாற்றம். ஐசக் வாட்ஸ் எழுதிய ஒரு சுயமுன்னேற்ற நூலை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். படித்ததைக் குறித்துவை, நண்பருக்குக் கடிதம் எழுது, சொற்பொழிவு கேள், கூடிப் பேசு என்பவை அது காட்டிய வழிகள். ஒன்றையும் விடவில்லை. 1812-ல் பெஞ்சமின் ஆபட் என்ற நண்பரோடு கடிதப் போக்குவரத்தைத் தொடங்கினார். நினைப்பதைத் தெளிவாக எழுத வர வேண்டும், அதற்கான பயிற்சி அந்தக் கடிதங்கள். இன்னொரு நண்பரிடம் இலக்கணம் கற்றார். அதே ஆண்டு டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813-ல் அவரிடமே உதவியாளர் ஆனார். அவர் மொழி கற்றதும் வேதியியல் கற்றதும் ஒரே காலத்தில், ஒரே மூச்சில்.

இப்படி வளர்ந்த ஒருவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னால் எப்படி இருக்கும்? 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில், வயது எழுபதை நெருங்கும்போது, சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். அதைப் பேசியது பேசியபடியே சுருக்கெழுத்தில் எடுத்தார்கள். ‘தி கெமிக்கல் ஹிஸ்டரி ஆஃப் எ கேண்டில்’ என்று 1861-ல் நூலானது.

கல்லூரி நாட்களில் ஒரு தடித்த இயற்பியல் புத்தகத்தில் ‘கேப்பிலரி’ என்ற சொல்லில் முட்டி நின்றவன் நான். அகராதி ‘மயிரிழை போன்ற’ என்றது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாற்பதாம் பக்கத்தோடு அந்தப் புத்தகம் பரணுக்குப் போனது. ஃபாரடே அந்தச் சொல்லை எப்படிக் கொண்டுவருகிறார் பாருங்கள். தட்டில் ஓர் உப்புத் தூணை நிறுத்துகிறார். நீல நிறம் சேர்த்த உப்புநீரை அடியில் ஊற்றுகிறார். நீலம் மெல்ல மேலே ஏறுகிறது. கை கழுவும் தொட்டி விளிம்பில் போட்ட துண்டு, தண்ணீரை இழுத்து வெளியே சொட்டவிடுவதை நினைவூட்டுகிறார். உருகிய மெழுகு திரியில் ஏறுவதும் இப்படித்தான் என்கிறார். பொருள் முன்னே வருகிறது, சொல் பின்னே வருகிறது. அகராதிக்கு வேலையே இல்லை.

நேற்று மின்வெட்டின்போது அக்கா மகளோடு இன்னொன்றைச் செய்து பார்த்தேன். கொஞ்ச நேரம் எரிந்த மெழுகுவத்தியைப் பதமாக ஊதி அணைத்தேன். திரியிலிருந்து வெள்ளைப் புகை இழையாக எழுந்தது. திரியைத் தொடாமல், இரண்டு விரற்கடை மேலே அந்தப் புகையில் தீக்குச்சியைக் காட்டினேன். “மாமா, தீ தாவுது!” என்றாள். எரிவது மெழுகின் ஆவி என்பது அவளுக்கு அந்த நொடியில் புரிந்தது. ‘வேப்பர்’ என்ற சொல்லை அதன் பிறகுதான் சொன்னேன். இனி மறக்க மாட்டாள்.

புதிய துறைக்குள் நுழையவும் ஆங்கிலம் பழகவும் ஒரே புத்தகத்தைத் தேடுகிறவர்கள் மூன்றை மட்டும் பாருங்கள். ஆசிரியர் யாரையாவது எதிரில் உட்காரவைத்துப் பேசுகிறாரா? கலைச்சொல் வருவதற்கு முன் பொருளைக் காட்டுகிறாரா? நம் வீட்டில் செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், அட்டையில் ‘சிறுவர்களுக்கு’ என்று போட்டிருந்தாலும் தயங்காமல் எடுங்கள். பழைய ஆங்கிலம் என்பதால் மெழுகுவத்தி நூலிலும் சில வாக்கியங்கள் நீளும். அதைச் சத்தமாகப் படியுங்கள். பேச்சாக வந்தவை, காதில் விழுந்தால் பிரிந்துவிடும். காப்புரிமை முடிந்த நூல், ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அஞ்சலகச் சகோதரிக்கு: அடுத்த முறை கடையில் கேட்டால் ‘எனக்குத்தான்’ என்று சொல்லிவிட்டு வாங்குங்கள். இரவு உங்கள் பிள்ளைகளையும் மெழுகுவத்தி முன் உட்காரவையுங்கள்.

வரலாறு அடுத்த வாரம். 1928 கோடையில், மலைவாசத்தலத்தில் இருந்த பத்து வயது மகளுக்கு நேரு எழுதிய கடிதங்களிலிருந்து தொடங்குவோம். அங்கேயும் ஒரு குழந்தை எதிரில் உட்கார்ந்திருக்கிறது.