நீங்கள் பார்த்த முதல் கோல் எது?



உங்கள் வீட்டு ஆண்களிடம், "நீங்க முதன்முதலா பார்த்த ஃபுட்பால் மேட்ச் எது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எந்த வருஷம், எந்த மைதானம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது, எத்தனையாவது நிமிஷத்தில் கோல் விழுந்தது... எல்லாவற்றையும் ஒப்பிப்பார்கள். கல்யாண நாள் மறந்துபோகும், அது மட்டும் மறக்காது! அதே கேள்வியை நம்மில் ஒருத்தியிடம் கேட்டால், "அதெல்லாம் எனக்கென்ன தெரியும்?" என்றுதான் பதில் வரும். ஆனால் நாமும் பார்த்திருக்கிறோம். அடுப்பில் ஒரு கண்ணும் டிவியில் ஒரு கண்ணுமாகவாவது பார்த்திருக்கிறோம். நம்மை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அதனால் நானே கேட்டேன். எங்கள் கணியம்பாடி தெருவிலும், வேலூர் போகிற பஸ்ஸிலும், ஆம்பூரில் தங்கை வீட்டுக்குப் போனபோதும் கேட்டதில், மனசில் நின்றதை எழுதுகிறேன்.

முதலில் என் கதை. 1990 ஜூன் 8. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து நாலு மாசம். தெருவுக்கே ஒரு வீட்டில்தான் டிவி, அதுவும் கறுப்பு வெள்ளை. இத்தாலியில் உலகக் கோப்பையின் தொடக்க மேட்ச், நம் நேரத்துக்கு ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பம். அந்த நேரம்தான் எங்களுக்கு வசதியாகப் போச்சு. பாத்திரம் கழுவி, அடுப்பு மெழுகி, மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட்டு விட்டு வரலாம். சாயந்திர மேட்சாக இருந்திருந்தால் எந்த மருமகளும் எட்டிப் பார்த்திருக்க முடியாது.

கூடத்தில் ஆண்கள். நடையில் நாங்கள். கோடு போட்ட சட்டை அர்ஜென்டினா, கறுப்பாகத் தெரிந்தது கேமரூன். (அது பச்சைச் சட்டை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.) அர்ஜென்டினா அதற்கு முந்தின உலகக் கோப்பையை ஜெயித்த டீம், மரடோனா கேப்டன். கேமரூன் என்ற பெயரையே எங்கள் தெருவில் பாதிப் பேர் கேட்டதில்லை. ஓல்டேஜ் குறைந்து குறைந்து படம் சுருங்கும். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது எனக்கு.

அப்போது கேமரூன்காரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். "அண்ணி, இப்ப போறாரே கானா பியிக், அவர் தம்பி ஓமாம் பியிக்கும் இதே டீம்லதான் ஆடுறார்" என்று என் கொழுந்தனார் திரும்பிச் சொன்னார். உடனே எனக்கு ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது. அண்ணனைத் துரத்திவிட்டார்கள், தம்பி இன்னும் உள்ளே நிற்கிறான்! கதை என்றால் நமக்கு விளக்கம் வேண்டுமா என்ன?

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனார் குடிக்கத் தண்ணீர் கேட்டார். "இருங்க தம்பி, அந்தப் பையன் என்ன பண்றான்னு பார்த்துட்டு வரேன்" என்றேன். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாலு மாச மருமகள் அப்படிச் சொல்லலாமா? சொல்லிவிட்டேன். எழுந்திருக்கவில்லை.

அண்ணன் வெளியே போன ஆறாவது நிமிஷம், உயரே வந்த பந்தை அந்தத் தம்பி ஆள் உயரத்துக்கு எம்பித் தலையால் முட்டினான். அர்ஜென்டினா கோல்கீப்பர் பம்பிடோ பிடிக்கப் போனார். கையில் பட்டும் நழுவி உள்ளே போய்விட்டது. 67-வது நிமிஷம், கோல்! கூடமே எழுந்து நின்று கத்தியது. நடையில் நாங்களும் கத்தினோம். மறுபடி நிதானமாகத் திருப்பிக் காட்டினார்கள். "பாரு, இன்னொன்னும் போட்டுட்டான்" என்றார் மாமியார். கேமரூன் ரெண்டு கோல் போட்டது என்றே நினைத்துக் கொண்டுதான் அவர் தூங்கப் போனார். ஒன்றுதான். கடைசியில் இன்னொருவரையும் வெளியேற்றி, ஒன்பது பேராக நின்று, 1-0 என்று ஜெயித்தார்கள்.

தண்ணீரைக் கொழுந்தனார் தானே எழுந்து போய் மொண்டு குடித்தார். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா!

அதே உலகக் கோப்பையில் கேமரூன் டீமில் ரோஜர் மில்லா என்று ஒருவர். 38 வயசு. நடுவில் இறங்கி கோல் போட்டுவிட்டு, மூலையில் இருக்கும் கொடிக்கம்பத்துக்குப் போய் இடுப்பை வளைத்து ஆடுவார். நம் வீடுகளில் 38 வயசுப் பெண்மணி கொஞ்சம் பளிச்சென்று புடவை கட்டினாலே, "இனிமே உனக்கென்ன?" என்பார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு மரடோனாவைவிட மில்லாவைத்தான் பிடித்துப்போனது. காலிறுதியில் இங்கிலாந்திடம் 3-2 என்று தோற்றார்கள். அந்த மேட்ச் நம் நேரத்துக்கு நடுராத்திரிக்கு மேல், பார்க்கவில்லை.

அடுத்தது வேலூரில் ரிட்டயரான ஒரு நர்ஸ் அம்மா. சொந்த ஊர் கோழிக்கோடு. "நான் முதலில் பார்த்த மேட்சில் ஆடியதே பெண்கள்தான்" என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. 1980 ஜனவரியில் ஆசியப் பெண்கள் கால்பந்துப் போட்டி அங்கேதான் நடந்ததாம். இந்தியா இறுதிப் போட்டி வரை வந்து தைவானிடம் தோற்றது. "பெண்கள் நிக்கர் போட்டு ஓடுவதைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நிக்கரை மறந்துட்டு எல்லாரும் பந்தைப் பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று சிரித்தார். நம் பெண்கள் அத்தனை வருஷம் முன்பே ஆசியாவில் இரண்டாம் இடம் வந்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்த ஆஃப்சைடு சமாசாரத்தையும் அவர்தான் எனக்குப் புரிய வைத்தார். பந்தியில் இலை போடுவதற்கு முன்பே ஒருத்தர் போய் உட்கார்ந்துகொண்டால் எப்படியோ அப்படி. எதிரணியில் கோல்கீப்பரோடு சேர்த்துக் கடைசி ரெண்டு பேர் இருப்பார்கள். அந்த ரெண்டாவது ஆளையும் பந்தையும் தாண்டி முன்னாலேயே போய் நின்றுகொண்டு, தன் ஆள் தள்ளிவிடும் பந்தை வாங்கக் கூடாது. இவ்வளவுதான். இதை என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது ஆம்பூரில் கேட்டது. என் தங்கையின் பக்கத்து வீட்டுச் சகோதரி ஷூ கம்பெனியில் மேல் தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். விடிந்ததும் சமைத்து, டப்பா கட்டி, கம்பெனி வேனைப் பிடித்தால், வீடு திரும்ப இருட்டிவிடும். அவர் மகள் பள்ளிக்கூட டீமில் கோல்கீப்பர். பத்தாவது வந்ததும் வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "வயசுக்கு வந்த பொண்ணு மண்ணுல விழுந்து புரள்றா. கை கால் உடைஞ்சா யார் கட்டுவான்?" என்று மாமியார், நாத்தனார் எல்லோரும். அப்பாவும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"அவ என்னதான் செய்றான்னு நான் பார்த்ததே இல்லக்கா. பார்க்காம எப்படி நிறுத்தச் சொல்றது? எப்படி ஆடச் சொல்றது?" என்று, ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என லீவு போட்டு, திருப்பத்தூரில் நடந்த பள்ளி மேட்சுக்குப் போயிருக்கிறார். வாழ்க்கையில் பார்த்த முதல் மேட்ச். எந்தப் பக்கம் எந்த டீம் என்று தெரியவே பத்து நிமிஷம் ஆனதாம். முதல் கோல் விழுந்தது அவர் மகளைத் தாண்டித்தான்.

"எல்லாரும் கை தட்டுறாங்க. எனக்கு மட்டும் வயித்தைப் பிசையுது. இந்தப் புள்ள அழப்போகுதுன்னு பார்த்தா, அது எழுந்து, மண்ணைத் தட்டிட்டு, பந்தை எடுத்து நடுவுல வீசிட்டு, முன்னால நிக்கிற புள்ளைங்களைப் பார்த்துச் சத்தம் போடுது. எங்க வீட்ல வாயே திறக்காதுக்கா அது!"

மேட்ச் தோல்வி. ஆனால் அன்று ராத்திரி வீட்டில் அம்மா வாயைத் திறந்திருக்கிறார். "பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் அவ ஆடுவா. நான் பார்த்துட்டு வந்துதான் சொல்றேன்" என்று. பார்க்காதவர்கள் யாருக்கும் அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம்.

அவரிடம் நான் இந்துமதி கதிரேசனைப் பற்றிச் சொன்னேன். கடலூர்ப் பெண். இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். 2018-ல் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டி இறுதியில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்து நம் மாநிலப் பெண்கள் முதல் தடவையாகக் கோப்பை வாங்கினார்களே, அதில் ஒரு கோல் அவருடையது. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்து மறுபடி வாங்கினார்கள், அந்த இறுதிப் போட்டியிலும் ஒரு கோல் இவருடையது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அந்த நாட்டு மண்ணிலேயே 2-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் முதல் முறையாகத் தகுதிச் சுற்றில் ஆடி ஆசியக் கோப்பைக்குத் தேர்வானார்கள். ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் போட்டது.

"போலீஸ்ல சேர்த்துக்கிறாங்களா?" என்று அந்தச் சகோதரி ஒன்றை மட்டும்தான் திரும்பக் கேட்டார். கேட்டுவிட்டு, மகளின் கையுறையை எடுத்துவந்து காட்டினார். கட்டை விரல் பக்கம் பிரிந்துபோனதை, ஷூ தைப்பது போலவே ரெட்டைத் தையல் போட்டு வைத்திருந்தார். "கடையில வாங்குனதைவிட இது நிக்கும்" என்றார்.

அந்தப் பெண் இப்போது பதினொன்றாவது. அடுத்த மேட்சுக்கு நானும் என் தங்கையும் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். புளிசாதம் என் பொறுப்பு.

— ஒரு வாசகி, கணியம்பாடி.