சீரத்தைக் குறைக்கும் துணைப்பொருள்கள்

விருத்தாசலத்தில் பீங்கான் செய்வோர் களிமண், பெல்ஸ்பார், படிகக்கல் ஆகியவற்றை நிறுத்தே சேர்ப்பர். இன்னதென்று அறியாத மண் கலப்பின், சூளையில் வெடிப்பும் கோணலும் உண்டாம். உடலுக்குப் புறத்தே உயிரணுக்களை வளர்ப்போர்க்கோ, இன்னதென்று முற்றும் அறியப்படாத கலவையொன்றே நெடுங்காலம் ஆதாரமாயிருந்தது. அதுவே சீரம் என்னும் இரத்தத் தெளிநீர்.

1959-ல் ஹாரி ஈகிள் என்பார் அமினோ அமிலம், வைட்டமின், உப்பு, சர்க்கரை முதலியவற்றை அளந்து சேர்த்து ஒரு வளர்ப்புநீர் வகுத்தார். அதிலடங்கிய போலிக் அமிலத்தை 1945-ல் செயற்கையாய் ஆக்கிய ஆய்வை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பது நமக்குப் பெருமை தருவதாம். ஆயினும் அந்நீர் மட்டும் போதவில்லை. நூற்றுக்குப் பத்துப் பங்களவு கன்றுக்கருவின் சீரம் சேர்த்தலே வழக்கமாயிற்று.

அச்சீரம், சினைப்பசுவை அறுக்குங்கால் கருவின் இதயத்தினின்று எடுக்கப்படுவது. அதன் சேர்க்கை தொகுதிக்குத் தொகுதி மாறும். மாட்டு வைரஸ்களும் உடன் வரக்கூடும். 1907-ல் தோன்றிய குன்னூர்ப் பாஸ்டியர் நிலையத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து, வீரோ என்னும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் ஆக்கப்பட்டது. இத்தகைய மருந்துகளில் எஞ்சும் மாட்டுப் புரதம் சிலர்க்கு ஒவ்வாமை விளைக்கலாம். ஆதலின் சீரத்தைக் குறைத்தல் கன்றுக்கும் நன்று, நோயாளர்க்கும் நன்று.

1976-ல் இசுமி ஹயாஷி, கோர்டன் சாட்டோ இருவரும், எலியின் பிட்யூட்டரி உயிரணுக்களுக்குச் சீரத்தின் இடத்தில் ஹார்மோன்களை ஈடாக அளித்துக் காட்டினர். இன்று பெரிதும் வழங்கும் துணைப்பொருள்கள் மூன்று. லிட்டருக்கு இன்சுலின் 10 மில்லிகிராம், டிரான்ஸ்பெரின் 5.5 மில்லிகிராம், சோடியம் செலினைட் 0.0067 மில்லிகிராம் என்பது அவற்றின் வழக்கமான அளவு. முதலாவது, சர்க்கரையை ஏற்கவும் பெருகவும் உயிரணுக்களைத் தூண்டும். இரண்டாவது, இரும்பைச் சுமந்து தரும். மூன்றாவது, ஆக்சிஜனேற்றக் கேட்டைத் தடுக்கும் நொதிக்கு உறுப்பாகும். கொழுப்பமிலம் சுமக்க அல்புமினும், கலத்திற் பற்றி நிற்கப் பைப்ரோநெக்டினும் உதவும்.

எனினும் சீரத்தைத் திடீரென நிறுத்தலாகாது. நூற்றுக்குப் பத்து, ஐந்து, இரண்டு எனப் படிப்படியாய்க் குறைத்து, ஒவ்வொரு படியிலும் உயிரணுக்கள் நன்கு பழகிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லல் வேண்டும். மேலும், ஒட்டிய உயிரணுக்களைக் கலத்தினின்று பெயர்க்க இடும் டிரிப்சினை முன்பு சீரமே அடக்கிற்று. சீரமில்லாவிடத்து அது உயிரணுவையே கெடுக்குமாதலின், சோயாவினின்று எடுத்த தடுப்புப்பொருள் சேர்த்தல் இன்றியமையாதது.

மாணவ நண்பர்காள்! பழகிய பொருள் பயன் தருகின்றதெனின், அத்துடன் அமைதல் கூடாது. அதனுள் எது பயன் தருகின்றதென்று பிரித்தறிவதே அறிவியல். அவ்வறிவு ஓர் உயிரின் துன்பத்தையும் குறைக்குமாயின், அதனினும் சிறந்த பயன் வேறு யாது?