ஆளைச் சுட்டும் சொல்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டிகள் கடம்பத்தூரில் நின்று செல்கின்றன. அவ்வண்டிகளை இயக்கும் இந்திய இரயில்வே, தன் பயணச் சலுகைப் படிவங்களில் நெடுங்காலம் இருந்த சில ஆங்கிலச் சொற்களை 2018ஆம் ஆண்டில் மாற்றியது. ‘பிளைண்ட்’ என்பது ‘விஷுவலி இம்பேர்டு’ என்றாயிற்று. ‘டெஃப் அண்ட் டம்ப்’ என்பது செவித்திறனிலும் பேச்சுத்திறனிலும் குறைபாடுடையவர் எனப் பொருள்படும் தொடராயிற்று. சலுகை அதுவேயாயினும் சொல் ஏன் மாறியது?

‘டம்ப்’ என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘அறிவில்லாதவர்’ என்னும் பொருளும் உண்டு. இழிவு ஒருபுறமிருக்க, அச்சொல் உண்மைக்கும் பொருந்தாது. காது கேளாதோருள் பெரும்பாலோருக்குக் குரலுறுப்புகளில் குறையில்லை. கேளாமையால் பேச்சு வளரவில்லை. அவர்கள் கையாளும் சைகைமொழி தனக்கென இலக்கணம் கொண்ட முழுமையான மொழியாகும். நம் ‘ஊமை’ என்னும் சொல்லும் இவ்வுண்மையை மறைப்பதே.

தமிழில் இச்சொற்களின் வரலாறு நீண்டது. குருடு, முடம் முதலியன குறையின் பெயர்கள். அவையே அக்குறையுடைய மனிதருக்கும் பெயராகி வந்தன. தொல்காப்பியர் இவற்றை ‘உறுப்பின் கிளவி’ எனக் குறித்து, உயர்திணைப் பொருளை உணர்த்தினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் வரிசையில் வைத்தார். அவ்வரிசையில் ‘அரசு’, ‘குழவி’ ஆகியனவும் உள்ளன. எனவே இலக்கணம் இவர்களை இழித்தது எனல் பொருந்தாது. எனினும் அரசு என்றழைக்கப்பட்டவருக்குக் கிடைத்த மதிப்பு, முடம் என்றழைக்கப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை.

ஆங்கிலம் இச்சிக்கலைச் சொல்வரிசையால் தீர்க்க முயன்றது. ‘டிஸேபிள்டு பெர்சன்’ என்றால் குறை முன்னிற்கிறது. ‘பெர்சன் வித் டிஸெபிலிட்டி’ என்றால் மனிதர் முன்னிற்கிறார். இந்தியாவின் 1995, 2016ஆம் ஆண்டுச் சட்டங்களின் ஆங்கிலப் பெயர்கள் இரண்டாம் வடிவையே ஏற்றன. தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னரே வருமாதலின், அவ்வரிசையை அப்படியே பெயர்த்தல் இயலாது. இதை மறுப்போரும் உளர். காது கேளாமையைத் தம் மொழிக்குழுவின் அடையாளமாகக் கொள்வோர், ‘டெஃப்’ என்பதன் முதலெழுத்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக எழுதுகின்றனர். பெரிய எழுத்தில்லாத தமிழில் அந்நுட்பத்தைக் காட்ட வழியில்லை.

தமிழ்நாடு வேறு வழியை மேற்கொண்டது. 2010ஆம் ஆண்டில் மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, ‘ஊனமுற்றோர்’ என்பதற்கு மாற்றாக ‘மாற்றுத்திறனாளி’ அரசு வழக்காயிற்று. இன்று அது பேச்சிலும் இயல்பாக வழங்குகிறது. ஆணையால் பிறந்த சொற்களுள் இத்தகைய வாழ்வு பெற்றவை மிகச் சிலவே. இச்சொல் ‘டிஃபரென்ட்லி ஏபிள்டு’ என்னும் ஆங்கிலத் தொடரை ஒத்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் பிரதமர் நரேந்திர மோடி முன்மொழிந்த ‘திவ்யாங்’ என்பதோ ‘தெய்விக உறுப்புடையவர்’ எனப் பொருள்படுவது. புகழ்ச்சி வேண்டா, உரிமையே வேண்டும் என மாற்றுத்திறனாளர் அமைப்புகள் பல அதனை எதிர்த்தன.

அவ்வெதிர்ப்பின் பொருளைத் தொழிற்கூடம் ஒன்றில் வைத்து நோக்கலாம். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் உலோகத் தகட்டை வெட்டி வளைக்கும் பிரஸ் இயந்திரங்கள் இயங்குகின்றன. அத்தகைய இயந்திரத்தில் சிக்கி விரலிழந்த தொழிலாளிக்கு மாற்றுத்திறன் ஏதும் வந்துவிடவில்லை. இருந்த திறனின் ஒரு பகுதி போயிற்று. அவ்விழப்புக்குக் காரணம் உண்டு, பொறுப்பாளரும் உண்டு. 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதனை ஊனம் என்றே வகைப்படுத்தியது. பின்னர்த் திருத்தப்பட்ட அதன் அட்டவணை, கட்டைவிரலின் இழப்பை ஈட்டுதிறனில் 30 விழுக்காட்டு இழப்பாகக் கணக்கிட்டது.

‘ஊனமுற்றவர்’ என்று ஒருவரைப் பெயரிட்டழைப்பது வேறு. ‘ஊனம் நேர்ந்தது’ என்று நிகழ்வைப் பதிவுசெய்வது வேறு. முன்னதை விலக்கும் பண்பாடு பின்னதையும் துடைத்துவிட்டால், நட்டம் தொழிலாளிக்கே. இழப்பீட்டு மனுவை எழுதுவோர் அதில் இனிய சொல்லைத் தேடுவதில்லை. எந்தக் கை, எந்த விரல், எந்தக் கணுவரை என்றே எழுதுகின்றனர்.