பாடமாக்கவும் ஒப்புவிக்கவும் ஒரே சொல்

கொரியாவில் வேலைக்காக மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் சொல் ‘வெஉதா’. நாம் பாடமாக்குதல், ஒப்புவித்தல் என்று இரண்டாகச் சொல்வதை இந்த ஒரு வினை சொல்லிவிடும். பரீட்சைக்குச் சொற்களைப் பாடமாக்குவதும் வெஉதா. பாடமான மந்திரத்தை வாய்விட்டுச் சொல்வதும் வெஉதா. நினைவில் வைத்திருப்பதற்கு வேறு வினை: ‘கியொக்காதா’. அம்மாவின் முகத்துக்கு கியொக்காதா, அவரது தொலைபேசி இலக்கத்துக்கு வெஉதா.

இந்த வேறுபாடு சிறியதல்ல என்று நான் நினைக்கிறேன். கொரியப் போரில் பிரிந்த உறவுகளைத் தேட, 1983 இல் கேபிஎஸ் தொலைக்காட்சி 138 நாட்கள் நிகழ்ச்சி நடத்தியது. பெயரையும் ஊரையும் சொல்லித் தேடி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. முப்பது வருடத்தில் முகங்கள் மாறியிருந்தன. நம் பிள்ளைகளும் அம்மம்மா, அப்பப்பாவின் முழுப்பெயரையும் ஊரையும் பாடமாக்கி, சத்தமாகச் சொல்லிப் பழகட்டும்.