பனி மூடிய ஓடுபாதையும் சிறு விமானமும்



அலாஸ்காவிலும் வட கனடாவிலும் சாலையே எட்டாத சிற்றூர்கள் பல உள. கடிதமும் மருந்தும் மளிகைப் பண்டங்களும் அவ்வூர்களுக்குச் சிறு விமானங்களிலேயே வந்து சேருகின்றன. ஆண்டில் பல மாதங்கள் அங்குள்ள ஓடுபாதைகளை வெண்பனியோ பனிக்கட்டியோ மூடியிருக்கும். அத்தகைய பாதையில் இறங்கும் விமானம் ஏன் சறுக்கி விபத்துக்குள்ளாகிறது? இவ்வினாவிற்கு உங்கள் பௌதிகப் பாடமே பெரும்பாலும் விடை கூறிவிடும்.

பெரிய ஜெட் விமானத்தில் எஞ்சினின் உந்துவிசையை எதிர்ப்புறம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு உண்டு. நான்கு பேர் அமரும் செஸ்னா 172 போன்ற சிறு விமானத்திற்கு அவ்வசதி இல்லை. தரையைத் தொட்டபின் அதற்குச் சக்கரத் தடையே முதன்மையான துணை. சக்கரத் தடையோ, சக்கரத்திற்கும் தரைக்கும் இடையே உராய்வு இருந்தால்தான் பயன் தரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விமானம் விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர், வேகத்தில் தரையைத் தொடுவதாகக் கொள்வோம். உராய்வுக் குணகம் 0.4 ஆயின், தடையினால் மட்டும் அது நிற்க ஏறத்தாழ 80 மீட்டர் தேவை. குணகம் 0.05 ஆகக் குறைந்தால் அத்தூரம் 640 மீட்டராகிறது, எட்டு மடங்கு! மேலும், நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் நூற்றுக்குப் பத்து மிகுந்தால் தூரம் நூற்றுக்கு இருபத்தொன்று மிகும். வகுப்பறையில் இந்த வர்க்கத்தை வெறும் சூத்திரமாகவே மனனம் செய்யும் மாணவர் பலரை நான் கண்டதுண்டு. ஓடுபாதையின் முனையில் அது உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

குளிர் மிகுந்தால் வழுக்கலும் மிகும் என்று நாம் எண்ணலாம். உண்மை வேறு. கடுங்குளிரில் இறுகிய பனி ஓரளவு பிடிப்புத் தரும். உருகும் நிலையை நெருங்கி, மேலே நீர்ப்படலம் படர்ந்த பனிக்கட்டியே மிகக் கொடியது. பக்கக் காற்று வீசுமாயின் இடர் இரட்டிக்கும். வால் இறகைக் காற்று தள்ளும்போது விமானத்தின் முகம் காற்றை நோக்கித் திரும்பும். அதைத் தடுக்கச் சக்கரங்களுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு இராது. ஓரத்தில் ஒதுக்கிக் குவித்த பனிமேட்டில் இறக்கையோ முன்சக்கரமோ மோதினால் விமானம் கவிழவும் கூடும்.

வேறு இரண்டு இடர்களும் உண்டு. மேகம் மூடிய நாளில் வானும் நிலமும் ஒரே வெண்மையாய்த் தோன்றுவதால், தரை எவ்வளவு தாழ்வில் உள்ளது என்பது விமானியின் கண்ணுக்குப் புலப்படாது. மற்றொன்று, கிளம்பும்போது தெறித்த பனிச்சேறு சக்கரத் தடையில் உறைந்துவிடுவது. அவ்வாறு இறுகிய சக்கரத்தோடு இறங்கினால் விமானம் ஒருபுறமாக இழுபடும்.

பெரிய விமானமும் இவ்விதிக்கு விலக்கன்று. 2005 டிசம்பர் 8ஆம் நாள், பனி பொழிந்த இரவில், சிகாகோ நகரின் மிட்வே நிலையத்தில் இறங்கிய போயிங் 737 ஒன்று ஓடுபாதையைக் கடந்து சாலைக்குள் பாய்ந்தது. அங்கே காரில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். ஓடுபாதையின் பிடிப்பைப் பற்றி வந்த செய்திகள் அன்று ஒன்றுபோல் இல்லை. காற்றும் பின்புறமிருந்து வீசியது. எதிர் உந்துவிசையும் காலத்தில் இயக்கப்படவில்லை.

‘நன்று’, ‘சுமார்’ என்னும் சொற்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பொருள்கொள்ளலாம். எனவே ஓடுபாதையின் நிலையை எண்ணால் குறிக்கும் முறை அமெரிக்காவில் 2016இலும், உலக அளவில் 2021 நவம்பரிலும் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த பாதைக்கு 6, இறுகிய பனிக்கு, வெப்பநிலை சுழிக்குக் கீழ் 15 பாகையோ அதனினும் தாழ்வோ ஆயின் 4, அதற்கு மேலாயின் 3, பனிக்கட்டிக்கு 1, நீர் படர்ந்த பனிக்கட்டிக்கு 0. சுழி என்றால் இறங்கலாகாது என்பதே பொருள்.

ஆயினும் எண்ணைக் கேட்டபின் முடிவு செய்ய வேண்டியவர் விமானியே. வேகம் மிகுந்துவிட்டது, அல்லது தரை தொடும் இடம் தள்ளிப்போகிறது என்று கண்டால், உடனே விசையைக் கூட்டி மேலெழுந்து மீண்டும் முயல வேண்டும். இல்லையேல் வேறு நிலையம் நாட வேண்டும். சக்கரம் வழுக்கத் தொடங்கிய பின்னர் அந்த வாய்ப்புப் பெரும்பாலும் கைநழுவிவிடும். திரும்பிச் செல்வதைத் தோல்வியெனக் கருதாத விமானியிடமே பயணிகள் நம்பித் தம் உயிரை ஒப்படைக்கலாம்.